ஊரார் துணி

எங்கள் தெருவில் டிரை கிளீனிங் கடை வைத்திருந்த அக்காவை எல்லோரும் ஆவி அக்கா என்றுதான் சொல்வோம். கடையின் பக்கவாட்டுச் சுவரில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். காலையில் பாய்லரைப் போட்டதும் அதிலிருந்து புஸ்ஸென்று வெள்ளையாக ஆவி கிளம்பிச் சந்து முழுக்கப் பரவும். அதற்குள்ளிருந்து, தலைமுடியைத் துண்டால் இறுக்கிக் கட்டியபடி அக்கா வெளியே வருவாள். புதிதாகக் குடிவந்தவர்கள் பேரைக் கேட்டுத் திடுக்கிட்டால், "பயப்படாதீங்க, இன்னும் உயிரோடதான் இருக்கேன்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

என் மருந்துக்கடை அவள் கடைக்கு நேர் எதிரே. வியாபாரம் மந்தமான மத்தியானங்களில் அங்கே போய் நிற்பேன். உள்ளே எப்போதும் வெக்கைதான். தலைக்கு மேலே நீளக் கம்பியில் பிளாஸ்டிக் உறை போட்ட கோட்டுகளும் கம்பளிகளும் திரைச்சீலைகளும் தொங்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு குத்தியிருக்கும். மூலையில், வட்டக் கண்ணாடி வைத்த பெரிய மெஷின் துணிகளை விழுங்கிப் புரட்டிக்கொண்டிருக்கும். இஸ்திரி மேஜையின் பெடலை மிதித்து மிதித்து அக்காவுக்கு வலது கணுக்கால் சற்று வீங்கியே இருக்கும். முன்கையில் பழைய சூட்டுத் தழும்புகள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக், அதிகம் பேசாத மனுஷர். நான் மாமா என்று கூப்பிடுவேன். "அவர் ஏத்தி இறக்குறவர், நான் வெளுத்துக் கட்டுறவ. எங்க வீட்டுல சண்டை போடக்கூட நேரமில்ல தம்பி" என்பாள் அக்கா. ஒரே மகள் வெளியூரில் நர்ஸ் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள்.

பேச்சில்தான் இப்படி. துணி விஷயத்தில் அவள் கறார். கோட்டுப் பாக்கெட்டில் கிடந்த பழைய பஸ் டிக்கெட்டைக்கூடத் தூக்கிப் போடமாட்டாள். அதையும் ஒரு சின்ன உறையில் போட்டுத் துணியோடு சேர்த்துக் கொடுத்துவிடுவாள். "நமக்குக் குப்பை. அவங்களுக்கு என்னவோ, யாரு கண்டா?"

வருஷத்துக்கு ஒரு தடவை அந்தக் கடைக்குத் தபால் அம்மா வருவார். தபால் நிலையக் கவுன்டரில் வேலை பார்த்ததால் அந்தப் பேர். கையில் ஒரு துணிப்பை இருக்கும். பைக்குள், நாலு வயதுக் குழந்தை போடுகிற அளவில் ஒரு வெள்ளைக் கவுன். மெல்லிய பருத்தி, கழுத்தைச் சுற்றி மஞ்சள் நூலில் கைத்தையல். முதல் வருஷம் அக்கா, "பாப்பாவுக்கு ஏதும் விசேஷமாம்மா?" என்று கேட்டிருக்கிறாள். "இல்ல, பெட்டியில வெக்கணும். வீட்டுல துவைச்சா நைஞ்சு போயிடும்" என்று அவர் சொல்லியிருக்கிறார். அடுத்த வருஷமும் அதே கவுன், அதே அளவு. அன்றைக்கு மத்தியானம் அக்கா சாலையைக் கடந்து என்னிடம் வந்தாள்.

"அந்தத் தபால் அம்மாவுக்குப் பொண்ணு இருக்கா தம்பி?"

"இருந்துச்சு அக்கா. நெஞ்சுல கோளாறு. நான்தான் மருந்து குடுத்துட்டிருந்தேன். நாலு வயசைத் தாண்டல."

அக்கா திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு அந்தக் கவுனை அவள் ஒருநாளும் மெஷினில் போட்டதில்லை. ஒரு பேசினில் போட்டுக் கையாலேயே அலசி, நிழலில் உலர்த்தி, ஆவியைத் தூரப் பிடித்துச் சுருக்கம் எடுப்பாள். காசு வேண்டாம் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். தபால் அம்மாவின் முகம் மாறிவிட்டது. அதனால் மற்றவர்களிடம் வாங்குவது போலவே வாங்கிக்கொண்டாள். இருவரும் அந்தக் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

கடை நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அக்காவுக்கு அந்த ஆசை வந்தது. ஒரு பெரிய ஓட்டல் தன் படுக்கை விரிப்பு, திரைச்சீலை, சிப்பந்திகளின் கோட்டு எல்லாவற்றையும் அவளிடம் தருவதாகச் சொன்னது. பழைய மெஷின் தாங்காது. கடன் வாங்கிப் புதிய மெஷின் போட்டாள். மெஷின் வந்து இறங்கிய அன்று தெருவுக்கே டீ வாங்கிக் கொடுத்தாள். இரண்டாவது வருஷம் ஓட்டல் கைமாறியது. புது முதலாளி ஓட்டலை மூடினான். அக்காவுக்கு வரவேண்டியது அப்படியே நின்றுபோயிற்று. கூடவே, வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆரம்பித்த ஜனங்களுக்குக் கோட்டும் தேவைப்படவில்லை. முதல் கடனின் தவணையைக் கட்ட இரண்டாவது கடன், அதைச் சமாளிக்க மூன்றாவது. எந்நேரமும் போன் அடிக்கும். அக்கா அதை அழுக்குத் துணிக் குவியலுக்குள் புதைத்து வைப்பாள். குவியல் அடியிலிருந்து முனகும். "கம்பளிக்கு வாய் முளைச்சிருக்கு தம்பி" என்று சொல்லிச் சிரிக்கப் பார்ப்பாள். சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

ஒருநாள் பஸ்ஸின் முதுகில் ஒரு விளம்பரம் பார்த்தாள். உங்கள் கடன் சுமையை எங்களிடம் இறக்கி வையுங்கள் என்று எழுதி, கீழே சிரிக்கிற குடும்பம் ஒன்றின் படம். கடன் தீர்வு நிறுவனம். அக்காவும் மாமாவும் போனார்கள். குளுகுளு அறை, குடிக்கத் தண்ணீர், மெத்தென்று பேசுகிற ஒரு பெண். "இனிமே உங்களுக்கு யாரும் போன் பண்ணமாட்டாங்க" என்று அந்தப் பெண் சொன்னதும் அக்கா அங்கேயே அழுதுவிட்டாளாம். போன்கள் நின்றது உண்மைதான். மாதா மாதம் கட்டணம் மட்டும் கரெக்டாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில், தாங்கள் போட்ட தவணைத் திட்டம் தேறாது, திவால் என்று அறிவித்துவிடுவதுதான் வழி என்றார்கள். நிறுவனமே ஒரு பொறுப்பாளரைப் போடும். அவர் கடையை எடுத்துக்கொண்டு, மெஷினை விற்று, கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். அத்தோடு தலைவலி தீர்ந்தது.

பொறுப்பாளர் சின்ன வயசு. சட்டையில் ஒரு மடிப்புக் குலையாது. மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்மா" என்பான். அக்கா அவனுக்குப் பார்க்கலாம் தம்பி என்று பேர் வைத்தாள். "தம்பி, கடையில ஊரார் துணி தொங்குது. அதை என்ன பண்றது?" என்று முதல் நாளே கேட்டாள். "வெள்ளிக்கிழமை சாவியை வாங்க வருவோம். அதுக்குள்ள திருப்பிக் குடுத்துடுங்க" என்றான். அக்கா ஒவ்வொருவருக்கும் போன் பண்ணினாள். பாதிப் பேர் வந்து வாங்கிப் போனார்கள். மீதிப் பேர் வியாழன், வெள்ளி என்று சொல்லியிருந்தார்கள். தபால் அம்மா வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வருவதாகச் சொன்னார். அந்த வருஷத்துக் கவுன் தயாராகி, உறைக்குள் கம்பியின் கோடியில் தொங்கியது.

அவர்கள் புதன்கிழமை காலையிலேயே வந்துவிட்டார்கள்.

நான் கடை திறந்துகொண்டிருந்தேன். எதிரே சத்தம் கேட்டுத் திரும்பினால், அக்கா ஷட்டருக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். எதிரே பார்க்கலாம் தம்பியும், பூட்டோடு இரண்டு ஆட்களும் நின்றார்கள்.

"தம்பி, வெள்ளிக்கிழமைன்னுதானே சொன்னீங்க?"

"முன்னாடியே வரலாம்னு விதியில இருக்கும்மா."

"வாங்க, வேணாங்கல. மெஷினை எடுத்துக்கோங்க, பாய்லரை எடுத்துக்கோங்க. நான் உக்கார்ற ஸ்டூலைக்கூட எடுத்துக்கோங்க. துணி என்னுது இல்ல தம்பி."

"உள்ள இருக்கிற எல்லாத்தையும் கணக்கெடுக்கணும்மா. எது யாரோடதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சீட்டு குத்தியிருக்கு பாருங்களேன். நானே எடுத்துக் காட்டறேன், பத்து நிமிஷம்."

"பார்க்கலாம்மா. அப்புறம் பார்க்கலாம்."

"சரி, அந்தக் கோடியில ஒரு சின்னக் கவுன் தொங்குது. அதை மட்டுமாவது குடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"ஒண்ணைக் குடுத்தா எல்லாத்தையும் குடுக்கணும்மா. புரிஞ்சுக்கோங்க."

ஷட்டர் இறங்கியது. பூட்டு விழுந்தது. அக்கா கையை உயர்த்தித் தகரத்தை ஒரு தட்டு தட்டினாள், உள்ளே யாரோ இருப்பதுபோல. பிறகு என் கடைக்கு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டாள்.

அன்றும் மறுநாளும் வந்தவர்களுக்கெல்லாம் என் கடை வாசலில் நின்று அவளே பதில் சொன்னாள். "இன்னும் ஒரு வாரம் பொறுத்துக்கோங்க. வாங்கிக் குடுத்துடறேன்." சிலர் தலையாட்டினார்கள். சிலர் சீட்டை ஆட்டிக் கத்தினார்கள். கல்யாண மாப்பிள்ளை ஒருவன், "என் கோட்டை அடகு வெச்சுட்டியா?" என்று தெருவே பார்க்கக் கேட்டான். அந்த வார்த்தை பிடித்துக்கொண்டது. ஆவி அக்கா கடனை அடைக்க ஊர்த்துணியை வித்துட்டாளாம் என்று என்னிடம் மாத்திரை வாங்க வந்தவர்களே சொன்னார்கள். நான் மறுத்தால், "உங்களுக்கு வேண்டப்பட்டவங்க, அப்படித்தான் சொல்வீங்க" என்றார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தபால் அம்மா வந்தார். பூட்டைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அக்கா நடந்ததைச் சொல்லி, "ஒரு வாரத்துல உங்க கையில கொண்டுவந்து குடுக்கறேன்மா" என்றாள். அவர் காலிப் பையை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா நிறுவனத்துக்கு நடையாய் நடந்தாள். வரவேற்பறையின் மெத்தை நாற்காலியில் அவளுக்கென்றே ஒரு பள்ளம் விழுந்திருக்கும். ஒருநாள் பார்க்கலாம் தம்பி வெளியே போயிருப்பான், ஒருநாள் கூட்டத்தில் இருப்பான். அகப்பட்டால், கணக்கெடுப்பு நடக்கிறது என்பான். வாரம் போய் மாதமாயிற்று. தபால் அம்மாவின் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு, அக்கா தபால் நிலையம் இருக்கிற சாலையில் போவதையே நிறுத்தினாள்.

பிறகு ஒரு காலையில் லாரி வந்தது. மெஷினைக் கழற்றி ஏற்றினார்கள். அதற்குப் பின்னால் கோணி மூட்டைகள். ஒரு மூட்டையின் வாயில் நீலக் கோட்டின் கை ஒன்று பிதுங்கிக்கொண்டிருந்தது. நான் ஓடிப்போய்க் கேட்டேன். "மொத்தமா வித்தாச்சு சார், பழைய துணி வியாபாரிக்கு" என்றான் ஏற்றுகிறவன். அக்காவுக்குப் போன் பண்ணினேன். அவள் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் லாரி போய்விட்டது. கடைக்குள் வெறும் கம்பி மட்டும் இருந்தது.

வியாபாரியின் பேரை விசாரித்து, ஞாயிற்றுக்கிழமை நானும் அக்காவும் மாமாவும் போனோம். ஊர்க்கோடியில் தகரக் கூரை போட்ட கிடங்கு. உள்ளே ஆள் உயரத்துக்குத் துணிக் குவியல்கள், மூக்கை அடைக்கும் தூசி. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பட்டன்களை அறுத்து டப்பாக்களில் போட்டுக்கொண்டிருந்தார்கள். வியாபாரி நல்ல மனுஷன்தான். அக்கா சொன்னதைக் கேட்டுத் தலையில் கைவைத்தார்.

"ஏலத்துல எடுத்ததுக்கு ரசீது குடுத்தாங்கம்மா. அடுத்தவங்க துணின்னு யாரும் சொல்லலியே. கம்பளி, கோட்டெல்லாம் அந்தப் பக்கம் கிடக்கும், தேடிப் பாருங்க. வாங்கின விலைக்கே குடுக்கறேன்."

"ஒரு சின்னக் கவுன். வெள்ளை. பருத்தி."

அவர் கொஞ்சம் தயங்கினார். "பருத்தியா? பருத்தியெல்லாம் அன்னிக்கே வெட்டியாச்சும்மா. மெக்கானிக் ஷெட்டுக்குத் துடைக்கிற துணியாப் போகுது."

மூலையில் வெட்டிய துண்டுகள் மலைபோலக் கிடந்தன. எல்லாம் கைக்குட்டை அளவு. அக்கா அதன் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். வெள்ளைத் துண்டாகப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்தாள், விரலால் தடவிப் பார்த்தாள், பக்கத்தில் வைத்தாள். நானும் மாமாவும் பக்கத்தில் உட்கார்ந்து தேடினோம். கிடங்கைப் பூட்டுகிற நேரம் வந்துவிட்டது. மாமா அவள் தோளைத் தொட்டு, "எழுந்திரு, போதும்" என்றார். ஏழெட்டுக் கோட்டுகளையும் ஒரு கம்பளியையும் மாமா தன் கைக்காசைக் கொடுத்து மீட்டார். மாப்பிள்ளையின் கோட்டு அவற்றில் இருந்தது, பட்டன் இல்லாமல்.

திரும்பி வரும் வழியில்தான் புகார் கொடுக்கப்போவதாக அக்கா சொன்னாள்.

"விட்டுத் தள்ளு. இன்னும் யார்கிட்ட போய் நிக்கப்போற?" என்றார் மாமா. "புகார் குடுத்தா போனது வந்துடுமா?"

"வராதுங்க. எனக்குப் பணமும் வேணாம். நான் விக்கலைன்னு யாராவது எழுதிக் குடுக்கணும். இந்தத் தெருவுல நான் தலை நிமிர்ந்து நடக்கவேணாமா?"

முதலில் அந்த நிறுவனத்திடமே புகார் செய்ய வேண்டும், அதற்கு மேல்தான் இந்த மாதிரி நிறுவனங்களை விசாரிக்கிற ஆணையம் என்று விசாரித்ததில் தெரிந்தது. படிவத்தை என் கடையில் உட்கார்ந்துதான் எழுதினோம். உங்களுக்கு ஏற்பட்ட நஷ்டம் எவ்வளவு என்று ஒரு கட்டம். அக்கா பேனாவை வைத்துவிட்டாள்.

"எனக்கு என்ன நஷ்டம் தம்பி? போனதெல்லாம் அவங்களோடது."

காலியாக விட்டு அனுப்பினோம். முழுமையாக இல்லை என்று திரும்பி வந்தது. துணி கொடுத்தவர்களின் நஷ்டம் என்று எழுதி மறுபடி அனுப்பினோம். அதற்கு வந்த பதிலை நான்தான் படித்துக் காட்டினேன். சம்பந்தப்பட்ட துணிகள் தங்களுக்குச் சொந்தமானவை அல்ல என்பதால் அவை குறித்துப் புகார் செய்யும் உரிமை தங்களுக்கு இல்லை என்று இருந்தது.

அக்கா இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். படித்தேன். நெடுநாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. "இதைத்தானே தம்பி நான் அன்னிக்கு ஷட்டர்கிட்ட நின்னு கத்தினேன்? என்னுது இல்லைன்னு. விக்கும்போது என்னுது, கேட்கும்போது என்னுது இல்லியா?" சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. மருந்து வாங்க வந்த ஒருவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

ஆணையத்துக்கு எழுதினோம். அங்கிருந்து அழைப்பு வருவதற்குள் மழைக்காலம் முடிந்துவிட்டது. அதற்குள் அக்கா ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். விசாரணையன்று அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, இருந்ததில் நல்ல உடையாகத் தேய்த்து உடுத்திக்கொண்டு வந்தாள். நான் துணைக்குப் போனேன்.

சின்ன அறை, நீள மேஜை, ஓடாத கடிகாரம். விசாரணை அதிகாரி ஒரு நடுவயதுப் பெண். கடுமையான ஜலதோஷம், கைக்குட்டையைக் கீழே வைக்க முடியவில்லை. எதிர்ப்பக்கம் பார்க்கலாம் தம்பியும் நிறுவனத்தின் வக்கீலும். அக்காவுக்கு அங்கே வாய் வரவில்லை. கடையில் ஓயாமல் பேசுகிறவள், கேட்டதற்கெல்லாம் "ஆமாங்க", "இல்லைங்க" என்று மட்டும் சொன்னாள். பாதியை நான்தான் சொன்னேன். வெள்ளிக்கிழமை என்றவர்கள் புதன்கிழமை வந்ததை அவர்கள் மறுக்கவில்லை.

"துணி குடுத்திருக்கிறவங்க வந்து வாங்கிக்கலாம்னு அறிவிப்பு ஒட்டினோம் மேடம். யாரும் வரல" என்றான் பார்க்கலாம் தம்பி.

அதிகாரி தும்மிவிட்டுக் கேட்டார். "எங்க ஒட்டினீங்க?"

"எங்க அலுவலகப் பலகையில."

"கடை ஷட்டர்ல ஒட்டலியா?"

அவன் வக்கீலைப் பார்த்தான். வக்கீல் காகிதங்களைப் புரட்டினார். "அது எங்க வழக்கம் இல்ல" என்றான் கடைசியில். அவன் காது சிவந்துபோயிருந்தது.

அதிகாரி அக்காவிடம் திரும்பினார். "உங்களுக்கு என்னம்மா வேணும்?"

"நான் விக்கலைன்னு எழுதிக் குடுங்கம்மா."

"அப்படி எழுத எங்களுக்கு அதிகாரம் இல்லம்மா. அவங்க செஞ்சது முறையா இல்லியான்னுதான் சொல்ல முடியும்."

அக்கா தலையை ஆட்டிக்கொண்டாள். வெளியே வந்து படியில் இறங்கும்போது, "அந்தம்மாவுக்கு ஆவி பிடிச்சா ஜலதோஷம் விட்டுடும்" என்றாள்.

முடிவு இரண்டு பக்கக் கடிதமாக வந்தது. நிறுவனம் சொன்ன நாளுக்கு முன்பே கடையைப் பூட்டியது தவறு, பிறர் உடைமையைச் சரிபார்க்காமல் விற்றது தவறு, வருத்தம் தெரிவிக்க வேண்டும், அக்காவின் மன உளைச்சலுக்கு ஒரு சிறு தொகை தர வேண்டும், துணி இழந்தவர்கள் தனித்தனியே கோரிக்கை வைக்கலாம் என்று இருந்தது. முதல் பக்கத்தின் கடைசியில் ஒரு வரி: துணிகளை உரியவர்களிடம் திருப்பித் தர அனுமதிக்குமாறு புகார்தாரர் பலமுறை கேட்டுக்கொண்டுள்ளார். அக்கா அந்த வரியில் விரலை வைத்து நகர்த்தி நகர்த்திப் படித்தாள்.

தொகை அப்படியே கடன்காரர்களுக்குப் போய்விடும், திவாலானவருக்கு வருகிற எதுவும் அவருடையது இல்லை என்று பின்னால் சொன்னார்கள். அதைக் கேட்டு அவள் ஆச்சரியப்படவில்லை.

முதல் பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி லீவு நாட்களில் வீடு வீடாகப் போனாள். சிலர் உட்காரவைத்துப் படித்தார்கள். சிலர் வாசலிலேயே வாங்கி மடித்து வைத்தார்கள். மாப்பிள்ளை கதவைத் திறந்து, "எனக்குப் பேப்பர் எதுக்கு?" என்றான். அவன் கோட்டுக்கு அக்காவே புது பட்டன் வாங்கித் தைத்துக் கொண்டுபோயிருந்தாள். வாங்கிக்கொண்டான். கதவைச் சாத்தினான்.

தபால் அம்மா வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தாள். "நீயும் வா தம்பி, தனியாப் போகக் கால் வரல" என்றாள். மாடி வீடு. தபால் அம்மா கதவைத் திறந்து எங்களைப் பார்த்து, சற்று நேரம் அப்படியே நின்று, பிறகு வழிவிட்டார். காகிதத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தார்.

"நீங்க வித்திருக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார். "அதுக்கு இந்தப் பேப்பரெல்லாம் வேண்டாம். ஆனா ஒரு வாரத்துல கொண்டுவரேன்னு சொன்னீங்க. நான் கவுன்டர்ல உக்காந்து வாசலையே பார்த்துட்டிருந்தேன். கிடைக்கலைன்னாவது வந்து சொல்லியிருக்கலாம்."

"மூஞ்சி இல்லம்மா எனக்கு" என்றாள் அக்கா. "அதான் வரல."

கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள்.

"அது என்ன ஆச்சு? யார்கிட்ட போச்சுன்னு தெரிஞ்சுதா?"

நான் தரையைப் பார்த்தேன். கடிதத்தின் இரண்டாவது பக்கத்தில் வியாபாரியின் வாக்குமூலம் இருந்தது, பருத்தியெல்லாம் வெட்டப்பட்டது என்று. அந்தப் பக்கத்தை அக்கா யாருக்குமே நகல் எடுக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"யாரோ ஒரு பொம்பளை வாங்கிட்டுப் போனாங்களாம்மா" என்றாள் அக்கா, குரல் நடுங்காமல். "நல்லா இருக்குதேன்னு சொல்லி வாங்கினாங்களாம். சின்னப் பொண்ணு இருக்காம் அவங்களுக்கு."

தபால் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "என்ன வயசாம்?"

"அது சொல்லல. நாலு, அஞ்சு இருக்கும்."

"கழுத்து கொஞ்சம் இறுக்கமா இருக்கும் அதுல. மேல் பட்டனைப் போடாம விட்டாத்தான் சரியா வரும்" என்றார் தபால் அம்மா. பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார். குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினோம். படியில் பாதி வழியில் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தப்புதான் தம்பி" என்றாள். "தெரிஞ்சேதான் சொன்னேன்."

அந்தக் கடையில் இப்போது கைப்பேசி விற்கிறார்கள். சந்துப்பக்கக் குழாயைச் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டார்கள். பார்க்கலாம் தம்பி அதே நிறுவனத்தில் வேறு கிளைக்குப் போய்விட்டானாம். விளம்பரம் இன்னும் பஸ்களின் முதுகில் ஓடுகிறது. அக்கா ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் படுக்கை விரிப்புகளைப் பிழிந்து உலர்த்தி அடுக்குகிறாள். மகள் படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்டாள். அம்மா இனி வேலை பார்க்கவேண்டாம் என்கிறாளாம், அக்கா கேட்பதில்லை. மாமாவுக்கு முதுகுவலி. அதற்கு மாத்திரை வாங்க மாதம் ஒருமுறை அவள் என் கடைக்கு வருவாள். கவுன்டரில் என்னைப் பார்த்தபடி, தெருவுக்கு முதுகு காட்டி நின்றுகொள்வாள். மகளைப் பற்றி, ஆஸ்பத்திரியில் நடந்த ஏதாவது வேடிக்கையைப் பற்றிக் கொஞ்சம் பேசுவாள். போனமுறை பேசிக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தி, "அந்தத் தபால் அம்மா மருந்து வாங்க வராங்களா தம்பி?" என்றாள்.

"வராங்க அக்கா. பிரஷர் மாத்திரை."

"நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்க."

"ம்" என்றாள். மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு, பஸ் வந்துவிட்டது என்று சொல்லி வேகமாக நடந்தாள்.